அம்மாவின் பித்தவெடிப்புக்கு என்ன போடுவது?

வணக்கம் தோழிகளே. அம்மாவுக்கு இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. பனிக்காலம் வந்தாலே கூடும். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தால் எரிகிறது என்பார். இந்த முறை ஒரு வெடிப்பில் ரத்தமே கசிந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்றால் மட்டும் காதில் ஏறாது!

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் வெந்நீரில் காலை ஊறவைப்பது, பிளேடால் சீவுவது, சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ராத்திரி காலைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, விரலிடுக்கை விட்டுவிட்டு வாஸ்லின் தடவி, பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுகிறேன். தோல் மிருதுவாகிறது, ஆழமான வெடிப்புதான் மூட மாட்டேன் என்கிறது.

அத்தை மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குங்கிலிய வெண்ணெய் என்ற சித்த மருந்துக் களிம்பைச் சொல்கிறார். எனக்கென்னவோ தடித்த தோலை மிருதுவாக்கும் யூரியா கிரீம் மேல்தான் நம்பிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? 10 சதவீதம் போதுமா, 25 வாங்கணுமா? திறந்த வெடிப்பில் பட்டால் ரொம்ப எரியுமா? வீட்டுக்குள் போட வழுக்காத, மெத்தென்ற செருப்பு எது என்றும் சொல்லுங்கள். சீழோ வீக்கமோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவேன்.