சொந்தமாக போட் மீட்டர் பேனல் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய பேனல் வெயிலில் வெடித்து, மீட்டர் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் நானே புதிதாகச் செய்தேன். 6 மி.மீ. கறுப்பு அக்ரிலிக், என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டருக்கு 85 மி.மீ. ஓட்டை, மற்றவற்றுக்கு 52. டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் பெட்ரோல் முள் அடியிலேயே கிடந்தது. எங்கோ ஒயர் லூஸ், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். போகப் போக முள் மெல்ல மேலே ஏறியது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. முள் ‘ஃபுல்’ கோட்டைத் தாண்டி நின்றது, என்ஜின் ரெண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. டேங்க்கில் இருந்த மிதவை சென்சார் அமெரிக்க வகை: காலியானால் மின்தடை 240 ஓம், நிறைந்தால் 33. நான் வாங்கிய மீட்டர் ஐரோப்பிய வகை: 10 என்றால் காலி, 180 என்றால் ஃபுல். காலி டேங்க்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

---

மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நிரப்பிய டேங்க்குக்கு முள் எழவில்லை என்றால் கரையை விட்டே கிளம்பியிருக்கக் கூடாது. சென்சார் ஒயரைக் கழற்றி ஓம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. இனி செய்பவர்களுக்கும் சொல்கிறேன்: முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள், ஏனென்றால் மீட்டரின் வளையம் ஓட்டையைவிட அகலம், ஓட்டைகளை நெருக்கிப் போட்டால் வளையங்கள் இடிக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரே போடுங்கள், சாதா ஒயர் உப்புக் காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும். பேனலை முன்பக்கமாக இழுத்துத் திருப்பும் அளவுக்கு ஒயரில் நீளம் விடுங்கள். ஆர்பிஎம் மீட்டர் பலவற்றில் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை உங்கள் என்ஜினுக்கு ஏற்றபடி வைக்காவிட்டால் முள் காட்டுவது வெறும் கதை. என் அனுபவமா, சின்னதுதான்: ராத்திரி பேனல் விளக்கைப் போட்டேன், பக்கத்தில் இருந்த காம்பஸ் அட்டை அப்படியே நகர்ந்து வேறு திசையில் நின்றது. அணைத்தால் பழைய இடம், போட்டால் மறுபடி நகர்வு. விளக்குக்குப் போகும் ரெண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்ட பிறகுதான் அடங்கியது.

---

மல்டிமீட்டர் இருந்தால் போதும் என்கிறீர்கள். நான் எல்லாவற்றையும் அளந்துதான் மாட்டினேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டியதும் விளக்குகளைப் போட்டேன், டெம்பரேச்சர் முள் ஒரே துள்ளலில் சிவப்புப் பக்கம். பயந்துபோய் என்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து, கையை அருகில் கொண்டுபோனால் வழக்கமான சூடுதான். அப்புறம்தான் தெரிந்தது, எல்லா மீட்டருக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரே மெல்லிய எர்த் ஒயர் கொடுத்திருந்தேன். தடிமனாக ஒன்று தனியாக இழுத்ததும் முள் அசையவில்லை. கரையில் நின்றுகொண்டு அளந்த அளவு இதைக் காட்டவே காட்டாது, அதற்காகச் சொல்கிறேன்.

---

நீங்கள் எல்லாம் மாட்டும் வரையாவது போயிருக்கிறீர்கள். ஐந்து ஓட்டை சுத்தமாக விழுந்தது, ஆறாவதில் அவசரப்பட்டு டிரில்லை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், விளிம்பு வரை முடி மாதிரி ஒரு கோடு. அந்தப் பலகை இன்னும் ஷெட்டில் சாய்ந்து கிடக்கிறது.

---

முதலில் எழுதியவன்தான். கரையை விட்டுக் கிளம்பியிருக்கக் கூடாது, சரி. மிதவையை மாற்றிவிட்டேன். ஆனாலும் முள் மேலே ஏறினால் இப்போதும் டேங்க்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கிறேன்.