யென்ஸ் ஃபோய்க்டுக்கு இணையத்தில் ஏன் இவ்வளவு ரசிகர்கள்?

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டம் வெல்லாத ஜெர்மன் வீரர். ஓய்வுபெற்ற பிறகும் "கால்களே, வாயை மூடுங்கள்" என்ற அவர் வசனம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, எப்படி?

பதில்: 17 டூர்கள், 2001லும் 2006லும் தலா ஒரு கட்ட வெற்றி (அதாவது ஒரு நாள் பந்தயத்தில் முதலிடம்). ஆனால் பெயர் வாங்கித் தந்தது கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே ஓடும் பழக்கம்தான். அப்படி ஓடுபவரையே கேமரா மணிக்கணக்கில் காட்டும்.

பதில்: 2010 டூரில் பெய்ரெசூர்ட் என்ற மலைக் கணவாயின் இறக்கத்தை விட்டுவிட்டீர்களே! விழுந்ததில் சைக்கிள் உடைந்தது. கிடைத்தது மஞ்சள் நிறச் சிறுவர் சைக்கிள். பெடலில் கால்நுனியை வாரால் கட்டும் பழைய கூடு, இவருடைய ஷூ அதில் பூட்டாது. அணியின் மாற்று சைக்கிள் கைக்கு வரும்வரை அதிலேயே மிதித்தார். அருமையான மனிதர்.

பதில்: மணிநேரச் சாதனையும் (ஒரு மணிநேரத்தில் தனியாக அதிக தூரம் ஓட்டுவது) முக்கியம். 2014இல் விதி தளர்ந்து, கம்பிகள் இல்லாத தட்டுச் சக்கரமும் காற்றைக் கிழிக்கும் கைப்பிடியும் அனுமதியாயின. 43வது பிறந்தநாளுக்கு மறுநாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் ஊரில் 250 மீட்டர் தடத்தில் 51.11 கி.மீ. அதாவது 204 சுற்றுக்கு மேல், சுற்றுக்குச் சராசரி 17.6 விநாடி. அதுவரை சாதனை வைத்திருந்த சோசென்காவின் 49.7 கி.மீ. காலி. ஆறே வாரத்தில் ஆஸ்திரிய வீரர் பிரெண்ட்லே இதை முந்தினார். ஆனாலும் அந்தப் போட்டிக்கு மறுபடி உயிர் வந்தது இவரால்தான்.