புகார் குடுக்கறதுக்குள்ள நாள் போயிருச்சுன்னு திருப்பி அனுப்புனாங்களா? கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க உங்க அனுபவத்த போடுங்க

பெருந்துறைக்காரி:
ஆளு யாரு, என்ன பண்ணுனாருங்கறதெல்லாம் விடுங்க, ஆபீஸ்ல வேலை பாக்கற பொம்பளைங்களுக்கு வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. சூப்பரண்டுகிட்ட வாயில சொன்னேன், நோம்பி முடியட்டும் பாத்துக்கலாம்னாரு. நோம்பி முடிஞ்சா ஆடிட்டு, ஆடிட்டு முடிஞ்சா எலெக்சன் டியூட்டி. அப்பறம் வேற வழியில்லாம எழுதி எடுத்துட்டுப் போயி உள் புகார் கமிட்டி மேடம்கிட்ட நீட்டுனேன். அவங்க படிக்கவே இல்லீங்க. தேதிய மட்டும் பாத்தாங்க, விரல் கணுவுல மாசத்த எண்ணுனாங்க, "மூணு மாசம் தாண்டிருச்சே கண்ணு"ன்னு சொல்லிட்டு பேனாவ மூடுனாங்க. டிக்குன்னு. ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதுன காயிதம், ஒரு வரி படிக்கல. இப்பவும் செக்சன்ல யாராச்சும் பேனா மூடுனா எனக்கு சுர்ருன்னு வருது.

பவானி ஆத்தோரம்:
அம்மிணி அவங்க சொன்னது அரை சட்டம். வேலை பாக்கற எடத்துல பொம்பளைங்களுக்கு நடக்கற பாலியல் தொந்தரவுக்குன்னு வந்த 2013 சட்டத்துல 9வது பிரிவ எடுத்துப் படிச்சுப் பாருங்க. மூணு மாசங்கறது நெசந்தான், ஆனா ஒரே ஆளு திரும்பத் திரும்ப தொந்தரவு குடுத்திருந்தா கடைசியா நடந்த நாள்ல இருந்துதான் கணக்கு, மொத நாள்ல இருந்து இல்ல. அதுக்கும் மேல, குடுக்க முடியாத நெலமை இருந்துச்சுன்னு கமிட்டி ஒத்துக்கிட்டா காரணத்த எழுதி வெச்சு இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். வாயில சொன்னது கணக்குல வராதுங்கறது சரி, எழுத்துலதான் குடுக்கணும், ஆனா எழுத முடியாதவங்களுக்கு எழுதிக்குடுக்க ஒத்தாசை பண்ணணும்னு அதே பிரிவுதான் கமிட்டிகிட்டயே சொல்லுது. அதனால நீங்க பண்ண வேண்டியது, நோம்பி ஆடிட்டு எலெக்சன்னு இழுத்தத தேதியோட ஒரு தாள்ல எழுதி, தாமதத்துக்கு காரணம்னு மேல தலைப்பு போட்டு, தபால் செக்சன்ல குடுத்து முத்திரை வாங்குங்க. முத்திரை இல்லாம வராதீங்க. நிராகரிச்சா அதையும் எழுத்துல கேளுங்க. கமிட்டியே இல்லைன்னாலோ, ஆபீஸ் தலைவர் மேலயே புகார்னாலோ மாவட்டத்துல உள்ளூர் கமிட்டி இருக்குது, அங்க போகலாம். என்ற கதைய அப்பறமா சொல்றேன், பெருசா ஒண்ணுமில்ல.

சத்தி ரோடு:
நானும் இப்படித்தாங்க, தொந்தரவு நின்னு போச்சு, ஆனா அதுக்கப்பறம் தாளவாடிக்கு மாத்துனாங்க, பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ, அதான் 17பி, அதையும் குடுத்தாங்க. அதுவும் தொந்தரவோட தொடர்ச்சிதானே, அப்ப கடைசி சம்பவம் ட்ரான்ஸ்பர் தேதிதானேன்னு பெரிய நம்பிக்கைல இருந்தேன். ட்ரான்ஸ்பர் ஆர்டர் வாங்குன அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் போண்டா வாங்கி வெச்சிருந்தாரு அந்தாளு, எனக்கும் ஒண்ணு நீட்டுனாரு, நானும் கைய நீட்டி வாங்கிட்டேன். ஏன் வாங்குனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

பவானி ஆத்தோரம்:
அந்த நம்பிக்கை இனி செல்லாதுங்க. 2025ல சுப்ரீம் கோர்ட்டு, மேற்கு வங்கத்து யுனிவர்சிட்டி ஒண்ணுல வைஸ் சான்சலர் மேல வந்த புகார் கேஸ்ல சொல்லிருச்சு. கடைசி தொந்தரவு 2023 ஏப்ரல், புகார் டிசம்பர். நடுவுல புகார் குடுத்தவங்கள பதவியில இருந்து எடுத்தது நிர்வாக நடவடிக்கை, தொந்தரவோட தொடர்ச்சி ஆகாது, ஆறு மாசமும் தாண்டிருச்சு, அதனால புகார் செல்லாதுன்னுட்டாங்க. ஆனா அந்தத் தீர்ப்ப வைஸ் சான்சலரோட பயோடேட்டாவுல சேக்கணும்னு சொன்னாங்க பாருங்க, அதான் வேடிக்கை.

சத்தி ரோடு:
வேடிக்கையா இருக்குதா உங்களுக்கு. நல்லா சொன்னீங்க நாயம்.

ரிட்டயர்டு ஆளு, பொள்ளாச்சி:
நான் சென்ட்ரல் கவர்மென்ட்டு, டிபார்ட்மென்ட்டு பேரு வேண்டாம். என்ற ஜூனியருக்கெல்லாம் ப்ரமோசன், எனக்கு மட்டும் இல்ல. மனு குடுத்தேன், பதில் இல்ல. ரிமைண்டர் மேல ரிமைண்டர், ஒவ்வொண்ணும் ரிஜிஸ்டர் தபால்ல. ஒரு கட்டு சேந்துருச்சு. சென்னைல கேட்டுல, அதான் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துல (CAT), வாதாடற வக்கீல்கிட்ட கொண்டு போயி பெருமையா வெச்சேன். அவரு கட்டோட கயித்த அவுத்தாரு, மேல இருந்த தாளயெல்லாம் அப்பிடியே ஒட்டுக்கா தூக்கி அக்கட்டால வெச்சாரு, அடில இருந்த மொத மனுவ மட்டும் எடுத்து தேதிய பாத்தாரு. "ஐயா, இதுல இருந்து ஆறு மாசம் பதில் வரலீன்னா அதுக்கப்பறம் ஒரு வருசம், அவ்வளவுதான்"னாரு. 1985 நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் 21வது பிரிவு. ரிமைண்டர் போட்டா நாள் நீளாதுன்னு 1989லயே ரத்தோர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்குது. நாள் தாண்டுனா தாமத மன்னிப்பு மனு போடலாம், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் தீர்ப்பாயம் பாத்து. எனக்கு ஒத்துக்கல. தபால் செலவு போனதுக்குக் கூட வெசனமில்ல, அந்தக் கட்ட அவரு தூக்கி வெச்ச விதம் இருக்குது பாருங்க.

கரூர் பஸ்ஸ்டாண்டு:
ஐயா சொன்னத படிச்சுட்டு ஸ்டேட் கவர்மென்ட்டு ஆளுங்க யாரும் கேட்டுக்கு ஓடிறாதீங்க. நமக்குன்னு இருந்த ட்ரிப்யூனல எப்பவோ மூடியாச்சு, நாம ஹைகோர்ட்டுல ரிட்டுதான் போடணும். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல்லுன்னா சென்னை, கரூர்னா மதுரை பெஞ்சு. ரிட்டுக்கு இத்தனை நாள்னு கணக்கு கெடையாது, ஆனா இத்தனை வருசம் எங்க போனீங்கன்னு கேப்பாங்க. 1982ல வேலை போனவரு 2000ல மனு குடுத்த கேஸே சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி தோத்துச்சு, நம்ம தமிழ்நாட்டு ஆளுதான். எனக்கு சொந்தக் கதை இல்லீங்க, பக்கத்து சீட்டுக்காரருக்கு ஃபைல் கட்டிக் கட்டி படிச்சது.

பேப்பர் கப்பு:
ஆபீஸ்ல எல்லாருக்கும் சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. டீ கொண்டாற பையனுக்கு அத யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு தெரியல. ஒரு நாள் கப்பு தீந்து போச்சு, பையன் தட்டோட என்ற டேபிள் முன்னால நின்னுட்டு ஹெட்கிளார்க்கு மூஞ்சிய பாத்தான், அவரு ஜன்னல பாத்தாரு. டீ ஆறுற வரைக்கும் அவன் அப்பிடியே நின்னான். மனித உரிமை கமிசன்ல நடந்த நாள்ல இருந்து ஒரு வருசத்துக்குள்ள குடுக்கணும்னு தெரிஞ்சப்ப எனக்கு வருசம் தாண்டிருச்சு.

காங்கேயத்தான்:
சுத்தத்துக்காக வெச்சிருப்பாங்க சார், கொரோனாவுக்கப்பறம் எங்க ஆபீஸ்லயும் பேப்பர் கப்புதான்.

பேப்பர் கப்பு:
உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பேப்பர் கப்புங்களா? என்றத மறுபடியும் படிங்க.

கரூர் பஸ்ஸ்டாண்டு:
காங்கேயத்தாரே கம்முனு இருங்க. பேப்பர் கப்பு சார், அப்பறமும் நடந்துச்சுன்னா அந்தத் தேதில இருந்து எண்ணுங்க. 2021ல ஸ்டேட்டுக்கே தனியா ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் வந்திருச்சு, அங்கயும் ஒரு மனு போட்டு வைங்க.

சித்தி மக அமெரிக்கால:
கொஞ்சம் தொலைவு கதைங்க. சித்தி மக அங்க பெடரல் கவர்மென்ட்டு வேலை. இவ பேசற இங்கிலீசு புரியலைன்னு மீட்டிங்ல இருந்தே ஒதுக்கி வெச்சிருக்காங்க. பக்கத்து ஊட்டுக்காரம்மா 180 நாள் இருக்குது பயப்படாதன்னு சொல்லிருக்காங்க, அது ப்ரைவேட் கம்பெனி கணக்கு! பெடரல் ஆளுங்க 45 நாளுக்குள்ள அவங்க டிபார்ட்மென்ட்டுல பாகுபாடு புகாருக்குன்னு இருக்கற ஆலோசகரப் பாக்கணுமாம், சனி ஞாயிறும் சேத்தி. அந்தப் பேச்சு முடிஞ்சு நோட்டீஸ் கைக்கு வந்தா முறைப்படி புகார் குடுக்க 15 நாள்தான். இப்பிடி ஒரு கெடு இருக்கறதே யாரும் எனக்கு சொல்லல, நோட்டீஸ் போர்டுலயும் இல்லைன்னு காமிச்சா நீட்டிப்பு தருவாங்களாம், அதனால காலைல மொத வேலையா நோட்டீஸ் போர்ட போட்டோ எடுத்திருக்கா. அதுல ஒட்டியிருந்தது பொறந்தநாள் லிஸ்டும் கேக் வெட்டற நேரமுந்தான்.

கோபி மாடிப்படி:
எனக்கு ஒரு காலு போலியோ. சீட்ட ரெண்டாம் மாடில போட்டாங்க, லிப்ட்டு இல்ல. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல 23வது பிரிவுப்படி ஒவ்வொரு ஆபீஸ்லயும் குறைதீர் அலுவலர்னு ஒருத்தர போட்டிருக்கணும், அவரு புகார ரெஜிஸ்டர்ல ஏத்தி ரெண்டு வாரத்துக்குள்ள விசாரிக்கணும். யாருன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். "அப்பிடி யாரும் இல்லியே"ன்னாரு. பழைய சர்குலர் ஃபைல புரட்டி எடுத்து நீட்டுனேன். கண்ணாடிய போட்டுட்டு படிச்சாரு, அவரு பேருதான். மூணு வாட்டி படிச்சாருங்க. ரெஜிஸ்டர் எங்கன்னேன், இல்லைன்னாரு, ரெஜிஸ்டர்ல ஏறாம ரெண்டு வாரம் எங்கிருந்து ஓடும்? கீழ எறங்கி கடைல ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிட்டு மறுபடி மாடி ஏறி வரிசை எண் 1னு நானே எழுதி கையெழுத்து வாங்குனேன்.

சத்தி ரோடு:
சீட்டு கீழ வந்துச்சுங்களா?

கோபி மாடிப்படி:
இல்லீங்க. வரிசை எண் 2ம் என்றதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்டேட் கமிசனருக்கு அனுப்ப ஜெராக்ஸ் எடுத்துட்டு இருக்கேன்.