கோலம் விழவில்லை, கணக்கு வெடிக்கிறது: உதவி தேவை

வணக்கம். ஏஞ்சல் மீனின் வரிகள் மீன் வளர வளர இடம் மாறுகின்றன, பிளந்து புது வரியாகின்றன. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கொண்டோவும் அசாயும் காட்டியது இது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இலேயே சொன்ன யோசனைக்கு நல்ல சாட்சி: வினைபுரியும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால் சீரான பரப்பிலும் கோலம் விழும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காட்ட இப்படிக் கோலம் விழுவதைக் கணக்கிடும் கிரே-ஸ்காட் மாதிரியைப் பைத்தான் கணினி மொழியில் எழுதினேன். இரண்டு பொருள்களின் பரவல் வேகம் 1.0, 0.5; முதல் பொருளைச் சேர்க்கும் ஊட்டம் 0.055; இரண்டாவதை அகற்றும் நீக்கம் 0.062; காலப்படி (ஒவ்வொரு சுற்றுக் கணக்கிலும் நேரம் நகரும் அளவு) 1. பரவலைக் கணக்கிட, திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டங்கள் நான்குக்கும் எடை 1, நடுவில் -4. ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே எண்கள் கன்னாபின்னாவென்று ஏறி, திரை வெறுமையாகிவிடுகிறது.

காலப்படியைக் குறைக்க வேண்டுமா, அல்லது மூலைக் கட்டங்களையும் சேர்த்து எடையை மாற்றணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். வியாழக்கிழமை வகுப்பு!