மறு: டிராபாருக்குத் தமிழில் என்ன? ‘இழுவைப்பட்டை’ வேண்டாமே

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன், இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஹாமண்ட் ஆர்கன் என்ற பழைய மின்சாரக் கீபோர்டு வாத்தியத்தின் ஒலியை மேடையில் கொண்டுவருவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கீபோர்டு, ஒரு மடிக்கணினி, இரண்டு பெடல், அவ்வளவுதான் சாமான். ஆனால் டிராபார் (ஒலியைக் கூட்டிக் குறைக்க அந்த ஆர்கனில் இழுக்கும் சிறு கோல்) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, எனவே இது எனக்குப் பொழுதுபோக்கு விவாதம் இல்லை.

> இழுவைப்பட்டை என்றே வைத்துவிடலாம். டிரா என்றால் இழு, பார் என்றால் பட்டை. இதற்கு மேல் என்ன யோசனை?

யோசனை இருக்கிறது ஐயா. இழுவை என்றதும் கடலில் போகிற இழுவைப்படகு நினைவுக்கு வருகிறது, இல்லையென்றால் முடிவே தெரியாமல் இழுபடுகிற வழக்கு. பட்டை என்றால் மரப்பட்டை, இடுப்புப்பட்டை. இரண்டையும் சேர்த்தால் கன்வேயர் பெல்ட் மாதிரி ஏதோ ஒன்று கண்ணில் தெரிகிறதே தவிர, கீபோர்டுக்கு மேலே வரிசையாக நிற்கிற ஒன்பது சிறு கோல்கள் தெரியவில்லை. ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதி பார்த்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். லாரன்ஸ் ஹாமண்டின் ஆர்கன் 1935-இல் விற்பனைக்கு வந்தது. உள்ளே பல் வைத்த உலோகச் சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழலும், ஒவ்வொன்றும் ஒரு சுரம் தரும். பி-3 மாடலில் இப்படி 91 சக்கரங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்பது சக்கரங்களின் ஒலி வரத் தயாராக நிற்கும், அதில் எது எவ்வளவு வர வேண்டும் என்பதை இந்த ஒன்பது கோல்கள் முடிவு செய்யும். முழுக்க உள்ளே இருந்தால் 0, முழுக்க வெளியே இழுத்தால் 8. வாசிக்கிறவர்கள் ஒலியையே எண்ணாகச் சொல்வார்கள்: 888000000 என்றால் முதல் மூன்றும் முழுக்க வெளியே, மற்ற ஆறும் உள்ளே. ஜாஸ் ஆர்கன் கேட்டவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே காதில் ஒலி வந்துவிடும்.

> மேற்சுரங்களைக் கூட்டிக் குறைப்பதால் ‘மேற்சுரக்கோல்’ எனலாமே?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது, மேற்சுரம், அதாவது ஒரு சுரத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிப்பது, பாடப்புத்தகத்திலும் உள்ள சொல். ஆனால் முதல் கோல், 16 அடி என்று குறித்திருப்பது, நீங்கள் அழுத்திய சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. மூன்றாவதுதான் நீங்கள் அழுத்திய சுரம். ஒன்பதில் ஒன்று கீழே, ஒன்று அதே இடம் என்றால் மேற்சுரக்கோல் என்ற பெயர் முதல் கோலிலேயே பொய்யாகிவிடுகிறது. வண்ணத்தை வைத்துப் பெயரிடலாம் என்ற யோசனையும் வந்தது. பழுப்பு, வெள்ளை, கருப்பு என்று மூன்று நிறம் இருப்பது உண்மைதான், ஆனால் நிறம் எந்தக் கோல் எந்த வகை என்று சொல்லத்தான் உதவும், பொதுப்பெயர் ஆகாது.

என் வாக்கு, நேற்று ஒரு அம்மா ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போன ‘இழுகோல்’ சொல்லுக்குத்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுதுகோல், திறவுகோல், அளவுகோல், நெம்புகோல் என்று இந்தக் குடும்பம் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. வினை முன்னே, கோல் பின்னே, சொன்னதும் கையில் பிடித்து என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும். இயற்பியலில் இழுவிசை என்று படித்தவர்களுக்கு ‘இழு’ இப்படி ஒட்டுவதும் புதிதில்லை. நான்கு எழுத்து, வாயில் சுலபமாக வருகிறது.

> இப்போது வரும் கருவிகளில் எங்கே இழுக்கிறார்கள்? பொத்தான்தானே?

சரியான கேள்வி. நார்ட் எலக்ட்ரோ என்ற மேடைக் கீபோர்டின் பழைய மாடல்களில் கோலே கிடையாது, பொத்தானும் சிறு விளக்குகளும்தான். மடிக்கணினியில் ஓடும் மென்பொருளில் சுட்டியால் நகர்த்துகிறோம். ஆனாலும் பல்பில் நெருப்பா எரிகிறது, ‘விளக்கை அணை’ என்றுதானே சொல்கிறோம்.

இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம், பட்டுத் தெரிந்துகொண்டது. ஆர்கன் கோலை உங்களை நோக்கி இழுத்தால் ஒலி கூடும், தள்ளினால் குறையும். மடிக்கணினிக்குக் கட்டளை அனுப்பும் மிடி கீபோர்டில் இருக்கும் ஸ்லைடர் நேர் எதிர்: உங்களிடமிருந்து மேலே தள்ளினால்தான் கூடும். ஒன்பது ஸ்லைடர் உள்ள ஒரு கீபோர்டை முதன்முதலாக இதற்கு இணைத்தபோது திசையைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மேடையில் ஒரு மெதுவான பாட்டின் முடிவு, எல்லாரும் அடங்கிக்கொண்டே வருகிறார்கள், கை பழக்கத்தில் நானும் மேல் வரிசைக் கோல்களை எல்லாம் ‘உள்ளே’ தள்ளினேன், ஒன்பதும் முழு வேகத்தில் அலறியது. டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பல மென்பொருள்களில் திசை மாற்ற ஒரு தேர்வு இருக்கிறது, இல்லையென்றால் கீபோர்டிலேயே ஸ்லைடர் அனுப்பும் எண்களை, 0 முதல் 127 என்பதை 127 முதல் 0 என்று மாற்றிக்கொள்ளலாம். ஸ்லைடரை நகர்கோல் என்றும் இதை இழுகோல் என்றும் எழுதினால், கையேட்டில் இந்த எச்சரிக்கையே பாதி தேவைப்படாது. ‘இழுத்தால் கூடும்’ என்பது பெயரிலேயே இருக்கிறது. இழுவைப்பட்டையில் அது இல்லையா என்று கேட்பீர்கள், இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோன்வீலுக்கு, அதாவது மேலே சொன்ன பல் வைத்த சக்கரத்துக்கு, சுரச்சக்கரம் போதும். சுருதிச்சக்கரம் என்றால் சுருதிப்பெட்டி பக்கம் நினைவு போய்விடும், இங்கே சக்கரம் சுருதி பிடிக்கவில்லை, சுரம் கொடுக்கிறது. கட்டையை அழுத்தும்போது வரும் ‘டிக்’ ஓசைக்குச் சொடுக்கு. அந்த ஓசையை ஆரம்பத்தில் குறை என்றுதான் நினைத்து அடக்கப் பார்த்தார்கள், இப்போது அது இல்லாவிட்டால் போலி என்கிறோம்.

ஆர்கன் ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி பெட்டிக்குச் ‘சுழல் ஒலிபெருக்கி’ என்று நான்கு பேர் ஆதரித்திருக்கிறீர்கள். மன்னிக்கவும், அது தப்பு. 122, 147 மாடல்கள் மாதிரியான பழைய பெட்டிகளில் ஒலிபெருக்கி எதுவும் சுழல்வதில்லை. மேலே ஒரு குழல் சுழல்கிறது, கீழே ஒரு உருளை சுழல்கிறது, ஒலிபெருக்கிகள் இருந்த இடத்தில் சும்மா இருக்கின்றன. சுழல்வது ஒலி. எனவே சுழலொலிப்பெட்டி. வேகத்தை மாற்றும்போது லேசான குழல் சட்டென்று வேகம் எடுக்கும், கனமான உருளை சில நொடி தாமதமாகத்தான் வந்து சேரும், அந்த இடைவெளியில்தான் அழகே இருக்கிறது. மேடைக்கு அந்தப் பெட்டியைத் தூக்க முடியாதவர்கள் அதைப் பாவனை செய்கிற பெடல் வாங்குகிறோம். அதிலிருந்து இடம், வலம் இரண்டு கம்பியும் மிக்சருக்குப் போகட்டும், ஒன்றை மட்டும் போட்டால் சுழல்கிற உணர்வு பெருமளவு போய்விடும்.

மேடையில் வைக்கும் மொத்தச் சாமானையும் குறிக்கும் ரிக் என்பதற்கு மேடையடுக்கு, கருவித்தொகுதி என்றெல்லாம் வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். வாசிக்கிறவர்கள் எல்லாரும் செட்டப் என்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது.

எனக்கு நிஜமாகவே வழி தெரியாதது பெர்க்கஷன். ஹாமண்டில் அது தாளவாத்தியம் இல்லை. சுரம் தொடங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது சீரிசை (ஹார்மோனிக்) ஒன்று ‘டங்’ என்று வந்து மறைவது. எல்லாக் கட்டைகளிலிருந்தும் விரலை எடுத்துவிட்டு அழுத்தினால்தான் வரும், சேர்த்து வாசித்தால் வராது. அதைப் போட்டால் ஒன்பதாவது இழுகோல் வேலை செய்யாது என்பது இன்னொரு தொல்லை. தட்டொலி என்று எழுதிப் பார்த்தேன், கதவைத் தட்டுவது போல இருக்கிறது. முன்னொலி என்றால் முன்னாலேயே வந்துவிட்டது போல ஆகிறது. வேறு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அந்த அத்தியாயத்தை அதுவரை மூடி வைத்திருக்கிறேன். இழுகோலை மட்டும் இன்றைக்கே மாற்றிவிட்டேன், முதல் முறை வரும் இடத்தில் டிராபார் என்றும் பக்கத்தில் இருக்கும்.