டிரம் தூக்குகிறது, அடுப்பு எரியவில்லை: ஆகாயத்தாமரை போட்ட கோபர் கேஸ், உதவுங்கள்

கேள்வி: தேவிபட்டினத்துக்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கன மீட்டர் மிதக்கும் டிரம் கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலன் இருக்கிறது. மாடு இரண்டுதான். ஒரு நாளைக்கு 20 கிலோ சாணி கிடைக்கும், கலனுக்கோ 50 கிலோ வேண்டும். எங்கள் ஊருணியை ஊதாப் பூ பூக்கிற ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அம்மா கையால் செடியை விலக்கி ஒரு வட்டம் செய்துகொண்டுதான் குடத்தை முக்குகிறார். அந்தச் செடியையே கலனில் போட்டால் ஊருணியும் தெளியும், அடுப்பும் எரியும் என்று ஆரம்பித்தேன்.

ஒரு மாதமாகத் தினமும் சாணி 20 கிலோ, நறுக்கிய செடி 25 கிலோ, மீன் கழிவு ஒரு வாளி. இரண்டாவது வாரம் கேஸ் சேர்ந்து டிரம் நன்றாகத் தூக்கியது. ஆனால் அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினால் புஸ்ஸென்று குச்சியே அணைந்துவிடுகிறது. இப்போது தூக்குவதும் குறைந்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. டிரம் ஓரமெல்லாம் செடி மெத்தை மாதிரி மிதக்கிறது. செடிதான் காரணமா?

பதில்: சாயல்குடி

செடியை நிறுத்துங்கள் தம்பி. இரண்டு கிலோ வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர் பெருகும்.

பதில்: உச்சிப்புளி அக்கா

வெல்லம் வேண்டவே வேண்டாம் தம்பி. கலனுக்குள் இரண்டு கூட்டம் வேலை பார்க்கிறது. ஒன்று தீனியை அமிலமாக்கும், மற்றது அந்த அமிலத்தை மீத்தேன் ஆக்கும். இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும், புளிப்பையும் உப்பையும் தாங்காது. அது சுருண்டுவிட்டால் வருவதில் பெரும்பகுதி கரியமில வாயுதான். டிரம் தூக்கும், தீ பிடிக்காது. இந்த நேரத்தில் வெல்லம் ஊற்றினால் புளிப்பு இன்னும் ஏறும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்? மீன் கழிவு எங்கிருந்து வருகிறது? புளிப்பைக் காட்டும் பிஎச் தாள் வைத்துப் பார்த்தீர்களா? ஏழுக்குக் கீழே இறங்கினால் புளிப்பு. எந்த அடுப்பு வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டியிருந்தாலும் எரியாது, இந்த கேஸுக்குத் துளை பெரிதாக இருக்க வேண்டும்.

தேவிபட்டினத்துக்காரன் (இரண்டு நாள் கழித்து)

அடுப்பு கோபர் கேஸுக்கென்றே வாங்கியது அக்கா. பிஎச் ஐந்தரை. தண்ணீர் வீட்டு போர் தண்ணீர், ஒரு நாளைக்கு நான்கு குடம். கேன் தண்ணீர் போடுகிற தம்பியின் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை அளப்பது) வைத்தால் லிட்டருக்கு 7,000 மில்லிகிராம் காட்டியது. மீன் கழிவு கருவாட்டுக் கொட்டகையிலிருந்து வருகிறது. குடலோடு, மீன் ஊறிய உப்புத் தொட்டித் தண்ணீரையும் சேர்த்தே வாளியில் கொடுப்பார்கள். நானும் அப்படியே ஊற்றிவிட்டேன்.

பதில்: உச்சிப்புளி அக்கா

அந்த வாளிதான் தம்பி. போர் தண்ணீரில் லிட்டருக்கு ஏழு கிராம் உப்பு என்றால் சோடியம் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கும். அது மட்டும் என்றால் கலன் மெல்லப் பழகிக்கொள்ளும். மூன்றரை கிராமைத் தாண்டினால் தடுமாறும், எட்டு கிராம் வந்தால் ஏறத்தாழ நின்றுவிடும். கருவாட்டுத் தொட்டித் தண்ணீர் ஒரு வாளியில் கிலோக்கணக்கில் உப்பு இருக்கும். முட்டை நாற்றமும் பாதி அங்கிருந்துதான், மீன் புரதத்தில் கந்தகம் உண்டு.

பத்து நாள் தீனியே போடாதீர்கள். கலனில் மூன்றில் ஒரு பங்கு குழம்பை வெளியே எடுத்துவிட்டு, நன்றாக ஓடுகிற வேறு கலனிலிருந்து வெளியேறும் குழம்பை வாங்கி ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் புதுச் சாணியை நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். டிரம்மில் இருக்கும் பழைய கேஸைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. தீக்குச்சி அடுப்பு முனையில் மட்டும்தான், டிரம் பக்கம் ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் ஊரில் அது நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். உப்பு ஏறிய தண்ணீரில் அது பிழைக்காது, உங்கள் ஊருணியில் தழைத்து நிற்கிறது என்றால் அது நல்ல தண்ணீர். 25 கிலோ செடியில் 22 லிட்டருக்கு மேல் இருக்கும். 20 கிலோ சாணியைக் கரைக்க 20 லிட்டர் போதுமே. செடியை நன்றாக நசுக்கிச் சாணியோடு பிசைந்தால் போர் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

பதில்: ஆர்.எஸ்.மங்கலம்

மெத்தை மாதிரி மிதப்பதற்கு என் அனுபவம். அந்தச் செடியின் உப்பிய தண்டை விரலில் வைத்து அழுத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி அமுங்கிக் காற்றுக் குமிழ் வரும். அந்தக் காற்று இருக்கிற வரை கலனுக்குள்ளும் மிதக்கத்தான் செய்யும். தீவனம் வெட்டும் எந்திரத்தில் விரற்கடை நீளத்துக்கு வெட்டி, பழைய டிரம்மில் சாணிக் கரைசலோடு மூன்று நாள் ஊறப்போடுங்கள். கையில் எடுத்தால் நூல் நூலாகப் பிரியும், அப்புறம் போடுங்கள். வேரை வெட்டி எறிந்துவிடுங்கள், அதில் சேறுதான் அதிகம். சாக்கடை கலக்கிற குளத்துச் செடி என்றால் ஈயம் மாதிரி உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அந்தக் குழம்பைக் கீரைக்கு விடாதீர்கள்.

கேள்வி: பாம்பன்

கரையில் ஒதுங்குகிற கடல்பாசியையும் இப்படிப் போடலாமா? பவளப்பாறையை மூடி வளர்கிற அந்த வெளிநாட்டுப் பாசி நிறைய வருகிறது.

பதில்: உச்சிப்புளி அக்கா

கப்பாபைகஸைச் சொல்கிறீர்கள். அதில் உப்பும் கந்தகமும் சேர்ந்தே இருக்கிறது. நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும், நம் கரையில் அதற்குத் தண்ணீர் செலவழிக்க எனக்கு மனம் வராது. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போய்ப் பறிக்கவும் கூடாது. 1986-ல் இருந்து அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

தேவிபட்டினத்துக்காரன் (ஐந்து வாரம் கழித்து)

அக்கா, எரிகிறது! கலன் குழம்பு பக்கத்து ஊரில் நான்கு குடம் கிடைத்தது. பதினெட்டாம் நாள் பிஎச் ஏழு. நேற்றுக் காலை அம்மா குச்சியைக் காட்டினார், நீலமாகப் பிடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது, உலை வைத்து, குழம்பும் கொதித்து இறங்கியது. மீன் குடலை இப்போது உப்பில்லாமல் தனியாக வாங்கி இரண்டு கிலோ மட்டும் போடுகிறேன். நாற்றம் குறைந்திருக்கிறது, போகவில்லை.

பதில்: உச்சிப்புளி அக்கா

ரொம்பச் சந்தோஷம் தம்பி. நாற்றத்துக்கு, கேஸ் குழாய் நடுவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்து, துருப்பிடித்த இரும்புச் சீவலை அதில் நிரப்புங்கள், கந்தகம் அதில் பிடித்துக்கொள்ளும். கறுத்துப்போனால் மாற்றுங்கள். குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்குகிற தண்ணீரையும் வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். அப்புறம், செடி அள்ளிய கூடையை வேறு எந்த ஊருணியிலும் அலசாதீர்கள். ஒரு கணு ஒட்டியிருந்தாலும் அங்கேயும் முளைத்துவிடும்.