தரங்கம்பாடிக்குத் திரும்புகிறேன்: 60,000 ரூபாயில் கருவாட்டுத் தொழில் நிற்குமா?

கடலோர மகள்:
வணக்கம். பிறந்த ஊர் தரங்கம்பாடி, கல்யாணமாகித் திருப்பூர் போனவள். வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் தவறிவிட்டார். ஆஸ்பத்திரிக் கடனை அடைத்தது போகக் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். மே மாதம் அம்மா வீட்டோடு வந்துவிடப் போகிறேன். அம்மா முன்பு கருவாடு போட்டவர், இப்போது கண் சரியில்லை. கருவாடு போடலாமா, இல்லை பச்சை மீன் வாங்கி விற்கலாமா? ஒரு ஃபைபர் படகில் பங்கு போடச் சொல்லி உறவுக்காரர் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையாற்றுக்கரை:
தங்கச்சி, படகுப் பங்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். என்ஜின் ஒருதரம் படுத்தாலோ, வலை ஒருதரம் அறுந்துபோனாலோ பங்குக்காரர் எல்லாரும் மறுபடி பணம் போட வேண்டும். உன்னிடம் அந்த இரண்டாவது பணம் கிடையாது. படகின் பதிவு உன் பெயரிலும் இருக்காது, வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

மே மாதம் வந்ததும் மீன் வாங்கிவிடாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. ஃபைபர்காரர் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குப் பச்சை மீன் வியாபாரிகளே போட்டி போடுவார்கள். அந்த விலையில் வாங்கிக் காயவைத்தால் கட்டாது. தடை முடிந்து விசைப்படகுகள் கரை வந்ததும் நெத்திலி, காரப்பொடி, வாளை மீன்கள் எல்லாம் குவியும், அப்போது இறங்கு. அதுவரை மீன் காயவைக்கும் பரண் கட்டுவது, காகித வேலை இரண்டையும் முடி.

வந்த வாரமே அம்மாவோடு போய் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார். நம் பக்கத்தில் ஊர் வரி ஆம்பளை பெயரில்தான் போகும். ஆம்பளை இல்லாத வீடு கணக்கில் விட்டுப்போனால், நிவாரணம் வரும்போது பட்டியலிலும் விட்டுப்போகும். சுனாமி சமயம் கைம்பெண்கள் பலருக்கு அப்படித்தான் ஆனது. உன் வீட்டைத் தனிக் குடும்பமாக எழுதச் சொல்லு, காயவைக்கக் கடற்கரையில் இடமும் அங்கேயே கேட்டுக்கொள்.

உப்புக்கல்:
கருவாடு போடும் முறையைச் சொல்கிறேன். அம்மா காலத்தில் மணலில் பரப்பியிருப்பார்கள். மணல் ஒட்டிய கருவாட்டுக்கு இன்று பாதி விலைதான். சவுக்குக் கம்பு நட்டு, 3 அடி உயரம், 4 அடி அகலத்தில் பரண் கட்டுங்கள். அகலம் அதற்கு மேல் போனால் நடுவில் இருக்கும் மீனைப் புரட்டக் கை எட்டாது. மேலே பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டினால் போதும், அடியிலும் காற்றுப் புகுந்து சீக்கிரம் காயும். 20 அடி நீளப் பரணில் 30 கிலோ நெத்திலிக்கு மேல் போடாதீர்கள். மீன்மேல் மீன் கிடந்தால் அடியில் இருப்பது வெந்து நாறிவிடும்.

நெத்திலியை அலசி, நீர் வடிந்ததும் காலை 8 மணிக்குள் பரப்ப வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் புரட்டுங்கள். ஈ முட்டை வைப்பது மேல்தோல் ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான், அதனால் அப்போது கொசுவலை போட்டு மூடுங்கள். குடல், செதிலை அருகில் கொட்டவே கூடாது. நல்ல வெயிலில் இரண்டு நாள். ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

வாளை, சுறா, திருக்கை போன்றவற்றுக்கு உப்பு வேண்டும். கீறிக் குடலெடுத்து, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு, தடித்த மீனுக்கு 3 கிலோவுக்கு 1 கிலோ. உப்பு, மீன், உப்பு என்று அடுக்கி மேலே கனம் வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஊறட்டும். எடுத்து உப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், நல்ல தண்ணீரில் அலசினால் மேல்பக்க உப்புப் போய் அங்கே கெடும். உச்சி வெயிலில் தடித்த மீனின் மேல்புறம் ஓடு கட்டும், உள் ஈரம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே அழுகும். 12 முதல் 3 மணி வரை கீற்று நிழல் கொடுங்கள். இரவில் குவித்துத் தார்ப்பாய் மூடிக் கனம் வைத்தால் உள் ஈரம் மேலே ஏறிவரும், மறுநாள் சீராகக் காயும். பனியில் மட்டும் விடாதீர்கள்.

கடலோர மகள்:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மா காலத்தில் மழை வந்தால் மூட்டையோடு சிவந்து போகும், புழுவும் வரும் என்கிறார். அதற்கு என்ன செய்வது? விற்பது எங்கே?

உப்புக்கல்:
அந்தச் சிவப்பு, உப்பிலேயே வாழும் கிருமி. பழைய உப்பைத் திரும்பப் பயன்படுத்தினால் பரவும். வேதாரண்யம் உப்பிலும் மண் கலக்காத வெள்ளை உப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஒருமுறை ஊறியதைக் கொட்டிவிடுங்கள். லேசாகச் சிவக்கத் தொடங்கும்போதே உப்புத் தண்ணீரில் தேய்த்து அலசி மறுபடி காயவைத்தால் தப்பும், பரவிவிட்டால் விற்காதீர்கள். வண்டுக்கும் புழுவுக்கும் பூச்சிமருந்துத் தூள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சாப்பிடுகிறவருக்கு விஷம், தயவுசெய்து தொடவே தொடாதீர்கள். கனமான பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருதரம் வெயில் காட்டுங்கள்.

சந்தைக்காரி:
நான் விற்பனைப் பக்கம் சொல்கிறேன். 4 கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் சுமார் 1 கிலோதான் நிற்கும். ஏலத்தில் கிலோ 60 ரூபாய்க்கு எடுத்தால் மீன் மட்டுமே 240. கூலி, வண்டி, கழிவு சேர்த்து 300-க்குக் கீழே விற்றால் நஷ்டம். ஏலம் கேட்கும் முன் இந்தக் கணக்கை மனதில் போட்டுவிட்டு வாயைத் திற.

60,000-ஐ மொத்தமாக மீனில் போடாதே. பரண், தொட்டி, தார்ப்பாய், தராசுக்கு 15,000. மீன் வாங்கச் சுழற்சிப் பணம் 25,000. மீதி 20,000-ஐ ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுச் செலவாக எடுத்து வை. அதைத் தொட்டால் மழைக்காலத்தில் கந்துவட்டிக்கோ வாரக் குழுக்கடனுக்கோதான் போக நேரும். வியாபாரி முன்பணம் தந்தாலும் வாங்காதே, பிறகு சரக்கை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கும்.

புரட்டாசியில் கறி மீன் சாப்பிடுகிறவர்கள் குறைவு, பச்சை மீன் விலை இறங்கும். வெயில் இருக்கும் நாள் பார்த்து அப்போது நெத்திலி வாங்கிக் காயவைத்து இருப்பு வை. மழையில் படகு போகாதபோது அதுதான் விலை பேசும். கடலூர் காராமணிக்குப்பம் திங்கள் கருவாட்டுச் சந்தைக்கு ஒருமுறை சும்மா போய், எந்த ரகம் என்ன விலை என்று கேட்டு வந்துவிடு. பாக்கெட் போட்டு விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

ரேஷன் கார்டு, ஆதார் முகவரியை முதலில் மாற்று. அது மாறினால்தான் மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் சேர முடியும். சங்கத்தில் இருந்தால் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீ 1,500 கட்ட, அரசு 3,000 சேர்த்து, 4,500 ஆக மழை மாதங்களில் கையில் வரும். மீனவர் நல வாரியத்திலும் பதிந்துகொள். பிரதமர் மீன்வள திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு. ஆனால் மானியம் வரும்வரை முழுப் பணமும் நீ போட்டுவைக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வருஷம் அதை நம்பி எதுவும் வாங்காதே. கைம்பெண் ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்றிதழ் தேவை, திருப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு மூன்று நகல் எடுத்துக்கொள்.

பழையாற்றுக்கரை:
பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும் அதோடு வாங்கிவிடு. ஜூனில் பள்ளி திறந்தபின் திருப்பூருக்கு அலைந்தால் மீன் குவியும் வாரம் கைவிட்டுப் போகும்.